படபடப்பைப் படிப்பது எப்படி: உடம்பு தரும் குறிப்புகளை வைத்து முடிவெடுக்கும் முறை

"உணர்ச்சியை ஓரமாக வை, அறிவைக் கேட்டு முடிவெடு." இந்தப் புத்திமதியைக் கேட்காதவர் இருக்க முடியாது. உணர்ச்சி நிஜமாகவே ஓரமாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நரம்பியல் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால், கண்களுக்குச் சற்று மேலே, நடுவாக இருக்கும் மூளைப்பகுதி சேதமடைந்தவர்கள் சிலர் கணக்குச் சரியாகப் போடுவார்கள். நினைவு பிசகாது. அறிவுத்திறன் சோதனையில் நல்ல மதிப்பெண் எடுப்பார்கள். ஆனால் இரண்டு தேதிகளைக் கொடுத்து அடுத்த சந்திப்புக்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் திணறுவார்கள். அப்படி ஒருவர் கிட்டத்தட்ட அரை மணி நேரம் இரண்டு தேதிகளுக்கும் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே போனதை அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். "போதும், இதுவே ஆகட்டும்" என்று உள்ளிருந்து எதுவும் அவருக்குச் சொல்லவில்லை.

டமாசியோவும் அன்டோயின் பெச்சாராவும் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1994-இல் வெளியிட்ட சீட்டுச் சோதனை இதை அளந்து காட்டியது. நான்கு கட்டுச் சீட்டுகள், கையில் 2,000 டாலர் விளையாட்டுப் பணம். முதல் இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் வரும். ஆனால் பத்துச் சீட்டுக்குள் மொத்தம் 1,250 டாலர் அபராதம் விழுந்து 250 நஷ்டமாகும். மற்ற இரண்டில் சீட்டுக்கு 50 டாலர்தான். அபராதமோ பத்துச் சீட்டுக்கு 250 மட்டும். அங்கே 250 லாபம். சாதாரண ஆட்கள் போகப்போக நஷ்டக் கட்டுகளை விட்டு விலகினார்கள். அந்தக் கட்டை நோக்கிக் கை நீளும்போதே அவர்கள் கையில் வியர்வை லேசாகக் கூடியதைக் கருவி காட்டியது. மூளையின் அந்தப் பகுதி சேதமானவர்களுக்கு முன்கூட்டியே வரும் அந்த வியர்வை வரவில்லை. அவர்கள் நஷ்டக் கட்டுகளிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு "மனசுக்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடும்" என்று பலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. 2004-இல் மாயா, மெக்லெலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதே ஆட்டத்தை வைத்து, நடுநடுவே விவரமாகக் கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். எந்தக் கட்டு மோசம் என்பது ஆடுபவர்களுக்கு, முன்பு நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே தெரிந்திருந்தது. ஆகவே உடம்பை ஜோசியராக்க வேண்டாம். உடம்பு கதவைத் தட்டும், அவ்வளவுதான்; தட்டுவது யார் என்பதைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ள முறை முழுக்க அந்தத் திறந்து பார்க்கிற வேலைதான்.

எது எவ்வளவு நேரம் தங்கும்

மிரட்சியோ கோபமோ வந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் நொடிகளில் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறையும். அடிவயிறு கலங்குவது போலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். கார்டிசால் என்ற இன்னொரு பதற்ற ஹார்மோன் நிதானமான ஆசாமி: சம்பவம் தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும், இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் கிடைக்கிறது. சண்டை ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் "இப்போது நிதானமாகிவிட்டேன்" என்று தோன்றும். இதயம் அடங்கியிருக்கும், ஆனால் கார்டிசால் அப்போதுதான் உச்சியில் நிற்கும். டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1970-களில் உடற்பயிற்சி செய்தவர்களை வைத்துப் பார்த்ததும் இதே ரகம்தான். மூச்சிரைத்துக்கொண்டிருக்கும்போது ஆட்களுக்குத் தங்கள் படபடப்பு பயிற்சியால் வந்தது என்று தெரியும், அதனால் ஏமாறவில்லை. முழுதாக அடங்கிய பிறகும் பிரச்சினை இல்லை. உடம்பு இன்னும் அடங்காமல், ஆனால் அடங்கிவிட்டது என்று அவர்கள் நினைத்த இடைப்பட்ட நேரத்தில்தான் மிச்சமிருந்த படபடப்பு வேறொன்றின் கணக்கில் ஏறியது.

எனவே கைப்பழக்கமாக வைத்துக்கொள்ள: கடும் கோபம், பயம், பெரும் மகிழ்ச்சி எதுவானாலும் பெரிய முடிவுக்குக் குறைந்தது 90 நிமிட இடைவெளி. திரும்பப் பெற முடியாத முடிவென்றால் ஓர் இரவுத் தூக்கம்.

முன்தயாரிப்பு: துடிப்பை எண்ணுதல்

குறிப்பைப் படிக்க, முதலில் அது காதில் விழ வேண்டும். உடம்புக்குள் நடப்பதை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். லண்டன் நிதிச் சந்தை வர்த்தகத் தளத்தில் வேலை பார்த்த 18 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தங்கள் இதயத் துடிப்பைத் துல்லியமாக உணர்ந்தவர்கள் கூடுதல் லாபம் ஈட்டினார்கள், தொழிலில் நீண்ட காலம் தாக்குப்பிடித்தும் இருந்தார்கள். பதினெட்டுப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை. துடிப்பை எண்ணப் பழகினால் பணம் கொட்டும் என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. உங்கள் செவி எவ்வளவு கூர்மை என்று தெரிந்துகொள்ள மட்டும் இந்தப் பயிற்சி.

தேவையானவை: ஒரு கடிகாரம், துடிப்பை எண்ணும் கருவி ஒன்று. மார்புப் பட்டை சிறந்தது. தளர்வாகக் கட்டிய கைக்கடிகாரக் கருவியும் பரவாயில்லை. விரலில் மாட்டும் கிளிப் வேண்டாம், அது இறுக்கினால் விரலே துடிக்க ஆரம்பித்து விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கையால் நாடி பிடிக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. 25, 35, 45 வினாடி என மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் உண்மையில் உணர்ந்த துடிப்புகளை மட்டும் எண்ணுங்கள். உணராத நேரத்தில் எண்ண வேண்டாம், பூஜ்யம் வந்தாலும் பூஜ்யம்தான். பிறகு கருவி காட்டிய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். கருவி 42, நீங்கள் 30 என்றால் வித்தியாசம் 12. அதை 42-ஆல் வகுத்தால் 0.29. ஒன்றிலிருந்து கழித்தால் 0.71. மூன்று சுற்றின் சராசரிதான் உங்கள் மதிப்பெண். பெரும்பாலோர் குறைத்தே எண்ணுவார்கள், அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

இந்தச் சோதனையில் எல்லாரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. தன் நாடி நிமிடத்துக்கு எழுபது சொச்சம் என்று தெரிந்தவர், தன்னையறியாமல் நேரத்தை எண்ணி விடையைச் சரியாகச் சொல்லிவிடுவார். அதைப் பிடிக்க எளிய வழி: இரண்டு மாடி ஏறி இறங்கி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். கருவியின் எண்ணிக்கை கூடியிருந்தும் உங்கள் எண்ணிக்கை பழையபடியே இருந்தால் நீங்கள் துடிப்பை எண்ணவில்லை, ஊகித்தீர்கள்.

இதோடு, எதையும் முடிவு செய்யாத சாதாரண நேரங்களில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்: தாடை, தொண்டை, தோள், நெஞ்சு, வயிறு, உள்ளங்கை. ஒவ்வொன்றிலும் இறுக்கம் 0 முதல் 10 வரை எவ்வளவு? எப்போதுமே தோள் 5-இல் நிற்கிற ஆளுக்கு, முடிவெடுக்கும் நேரத்துத் தோள் இறுக்கம் எதையும் சொல்லாது. அவருக்கு வயிறுதான் செய்தி சொல்லும் இடமாக இருக்கலாம். இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள் பின்னால் எல்லா இறுக்கத்தையும் குறிப்பாக எடுத்துக்கொண்டு குழம்புவார்கள்.

முடிவு நேரத்தில்

பதினைந்து நிமிடம் போதும். வரிசை முக்கியம், குறிப்பாக, மூச்சுப் பயிற்சியை முதலிலேயே செய்துவிடாதீர்கள். செய்தால் படிக்க வேண்டிய எழுத்தைப் படிக்கும் முன்பே அழித்ததாகும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி. "வேலையைப் பற்றி என்ன செய்வது" என்ற கேள்விக்கு உடம்பு பதில் தராது. "இந்த மாத இறுதிக்குள் விலகல் கடிதம் கொடுக்கவா?" என்றால் தரும்.

2. அந்த வரியை வாசித்துவிட்டு 60 வினாடி உடம்பைப் பாருங்கள். எந்த இடம், என்ன மாதிரி, எவ்வளவு: "நெஞ்சுக் குழியில் அழுத்தம், 6." காரணம் எழுத வேண்டாம். காரணத்தை மனசு கேட்காமலேயே தயாரித்துத் தரும், அதுதான் தொந்தரவு.

3. உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். "ஒரு மாதிரியாக இருக்கிறது" என்பது பெயரில்லை. மாத்யூ லீபர்மனின் குழு 2007-இல் வெளியிட்ட மூளைப் படங்களில், பயமும் கோபமும் காட்டும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைச் சொன்னபோது, பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்கு வகிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதியின் கொதிப்பு குறைந்தது. சொல் தேடத் தமிழில் வெளியே போக வேண்டியதில்லை. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று தொல்காப்பியம் எட்டைத் தருகிறது. அவற்றுக்கு வைத்த பொதுப்பெயரே மெய்ப்பாடு, உடம்பில் தெரிவது. இந்த எட்டில் எந்த அறை என்று முதலில் பாருங்கள். பிறகு அறைக்குள் நுணுக்குங்கள். அச்சம் என்றால் தயக்கமா, கூச்சமா, திகிலா? வெகுளி என்றால் எரிச்சலா, ஆத்திரமா, வயிற்றெரிச்சலா? கூச்சத்துக்கும் திகிலுக்கும் செய்ய வேண்டியது ஒன்றல்ல. மேடையில் பேசக் கூச்சப்படுபவர் அதைத் திகில் என்று எழுதிவிட்டால் நல்ல வாய்ப்பை விட்டுவிடுவார்.

4. மூலத்தைத் தேடுங்கள். இந்தப் படி மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உழைக்க வேண்டிய படி. கேட்க வேண்டியவை: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? காபி, புகை? கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே மத்தியானக் காபி சாயங்காலப் படபடப்பில் பங்கு கேட்கலாம். காய்ச்சல், வலி, மாதவிடாய், புது மருந்து? கடந்த இரண்டு மணி நேரத்தில் வாக்குவாதம், கெட்ட சேதி, ஓட்டம், படியேற்றம்? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றால், குறிப்பின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

மூலம் மாறிப்போவது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பேர்போன உதாரணம் கனடாவில் வான்கூவருக்கு அருகே உள்ள கபிலானோ தொங்குபாலம். 1974-இல் வெளியான டட்டன், ஆரன் ஆய்வில், 230 அடி உயரத்தில் ஆடும் அந்தப் பாலத்தில் நின்ற ஆண்களை ஒரு பெண் பேட்டி கண்டு, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எண்ணை வாங்கியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பிறகு அழைத்தார்கள். உறுதியான தாழ்ந்த பாலத்தில் அதே பெண் கொடுத்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் மிகச் சில. பாலம் கொடுத்த படபடப்பு, அவர் பெயரில் வரவு வைக்கப்பட்டது.

இன்னும் விநோதமான சான்று ஒன்று உண்டு. அமிக்டலா இரு பக்கமும் அழிந்துபோன, பாம்பைக் கண்டும் பயப்படாத ஒரு பெண்ணுக்கும், அதே பாதிப்புள்ள இன்னும் இருவருக்கும் 35 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். மூவரும் பீதியில் உறைந்தார்கள். 2013-இல் வெளியான முடிவு இது. வெளியே அஞ்சத்தக்கது எதுவும் இல்லாமல், மூச்சு மட்டுமே பயத்தைக் கிளப்பப் போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தம் படிப்பவர்கள் நினைவில் வைக்கலாம்.

5. இப்போது மூச்சு. மூக்கால் 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே, நிமிடத்துக்கு ஆறு. ஐந்து நிமிடம், மொத்தம் முப்பது மூச்சு. வெளிமூச்சில் இதயம் தானாகவே சற்று மெதுவாகும், அதனால்தான் வெளிமூச்சு நீளம். நெஞ்சு முட்ட இழுக்காதீர்கள்: அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரமரக்கும். அதுவே புதுப் பீதியாகிவிடும்.

6. அதே வரியை மறுபடி வாசித்து மதிப்பெண் போடுங்கள். 6 என்பது 2 ஆகிவிட்டால் அது பெரும்பாலும் அந்த நேரத்துக் கொந்தளிப்பு. 6 என்பது 5-இலேயே நின்றால், கேள்விக்குறியும் இல்லையென்றால், உள்ளூர ஏதோ உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகலாம்: எந்தப் பகுதி உறுத்துகிறது என்று பிரிப்பது. சம்பளம், ஆள், நேரம், இடம், வாக்குறுதி என்று முடிவின் உறுப்புகளைத் தனித்தனி வரியாக எழுதி ஒவ்வொன்றையும் வாசித்துப் பாருங்கள். உறுத்தல் பொதுவாக ஒன்றிரண்டு வரியில்தான் குதிக்கும். அந்த வரியைப் பற்றித்தான் கூடுதல் விவரம் கேட்க வேண்டும், பேரம் பேச வேண்டும். முழு முடிவையும் தூக்கி எறிய வேண்டியது அபூர்வம்.

எந்த உணர்ச்சி எந்தப் பக்கம் தள்ளும்

நல்ல மனநிலை, கெட்ட மனநிலை என்று இரண்டாகப் பிரிப்பது போதாது. பயமும் கோபமும் இரண்டுமே கசப்பானவை. ஆனால் எதிரெதிர் திசையில் தள்ளுகின்றன. ஜெனிஃபர் லெர்னர், டாக்கர் கெல்ட்னர் இருவரும் 2001-இல் காட்டியது இது: பயந்தவர்கள் ஆபத்தைப் பெரிதாக மதிப்பிட்டு நிச்சயமான வழியை எடுத்தார்கள், கோபத்தில் இருந்தவர்கள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுத் துணிந்தார்கள். கோபம் வந்த ஆளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிவதாகவும், எல்லாம் தன் கையில் இருப்பதாகவும் தோன்றும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். உள்ளே இருந்து பார்க்கும்போது ஆத்திரக்காரனுக்குப் புத்தி கூடினது போலத்தான் இருக்கும். சிக்கலே அங்கேதான். ஆகவே கோபத்தில் "இதில் சந்தேகமே இல்லை" என்று தோன்றினால் அந்த நிச்சயத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது: நடக்கக்கூடிய மூன்று தவறுகளை எழுதுவது. பயத்தில் இருந்தால் தலைகீழ்: நன்றாக முடியக்கூடிய மூன்று வழிகளை எழுதுவது.

சோகம் பேரத்தைக் கெடுக்கும். லெர்னரும் சகாக்களும் 2004-இல் வெளியிட்ட சோதனையில், சோகமான படக்காட்சி பார்த்தவர்கள் தங்கள் கையில் இருந்த பொருளைக் குறைந்த விலைக்கு விற்கத் தயாரானார்கள். அதே பொருளைப் பெற அதிகம் கொடுக்கவும் தயாரானார்கள். அருவருப்பு தந்த காட்சியைப் பார்த்தவர்கள் விற்கும் விலையையும் குறைத்தார்கள், வாங்கும் விலையையும் குறைத்தார்கள்: எதையும் வைத்துக்கொள்ளவும் மனமில்லை, எடுத்துக்கொள்ளவும் மனமில்லை. விற்ற பொருளுக்கும் பார்த்த காட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. துக்கத்தில் இருக்கும் மாதங்களில் வீடு, வண்டி, நகை எதையும் விற்கவோ வாங்கவோ நேர்ந்தால், விலையை முதலில் வேறு ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

பதற்றத்தைப் பற்றி ஒரு சின்னத் தந்திரம் வேலை செய்கிறது. பேச்சு, பாட்டு, கணக்குத் தேர்வு போன்றவற்றுக்கு முன்னால் "அமைதியாக இரு" என்று தனக்குத்தானே சொன்னவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்ததை ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் காட்டினார். இரண்டுக்கும் உடம்பின் துடிப்பு ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்றுகிறோம். ஆனால் கவனம்: செய்வதென்று முடிவாகிவிட்ட காரியத்துக்குத்தான் இது பொருந்தும். செய்யலாமா வேண்டாமா என்று இருக்கும்போது பெயர் மாற்றினால் குறிப்பைத் திரித்ததாகிவிடும்.

பசியும் ஆசையும் வேறு வகை. சாப்பிடும் முன் எடுக்கும் முடிவுகள் பசிக்கு எதிர்காலம் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடும். வயிறு நிறைந்தவன் நாளைய பசியைக் குறைத்து மதிப்பிடுவான். ஜார்ஜ் லோவென்ஸ்டைன் இதைச் சூடான நிலைக்கும் குளிர்ந்த நிலைக்கும் இடையிலான பள்ளம் என்றார். உணவுக் கட்டுப்பாடு, புகையை விடுவது, செலவுத் திட்டம் போன்ற எந்த உறுதியையும் இரண்டு நிலையிலும் ஒவ்வொரு முறை எழுதிப் பார்ப்பது நல்லது. இரண்டிலும் நிற்கும் திட்டம்தான் நிற்கும்.

பசித்த நீதிபதிகள் ஜாமீன் மறுக்கிறார்கள் என்ற ரீதியில் ஒரு செய்தி எங்கும் உலவுகிறது. மூலம், பரோல் மனுக்களைப் பற்றி 2011-இல் வந்த ஓர் ஆய்வு. வழக்குகள் எடுக்கப்படும் வரிசையே தற்செயலாக அமைவதில்லை, அதுவே முடிவுகளை மாற்றியிருக்கலாம் என்ற மறுப்பும் அதே ஆண்டு வந்தது. பசி முடிவைப் பாதிக்கும் என்று சொல்ல அந்தக் கதை தேவையில்லை.

மனசு ஒப்பவில்லை என்றால்

காரணம் சொல்ல முடியாத "வேண்டாம்" ஒன்று வரும். அதை நம்பலாமா? உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் இந்தக் கேள்வியில் எதிரெதிர் முகாமில் இருந்தவர்கள். 2009-இல் சேர்ந்து எழுதியபோது இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். ஒன்று, அந்தத் துறையில் காரண காரியம் ஓரளவு ஒழுங்காக இருக்க வேண்டும். இரண்டு, முடிவு சரியா தப்பா என்று திரும்பத் திரும்பத் தெரிந்துகொண்டு பழகியிருக்க வேண்டும். பல ஆண்டு தீயணைப்பு வீரருக்குத் தளம் இடியப்போகிறது என்று தோன்றினால் வெளியே ஓடுவதுதான் சரி. பங்கு விலை நாளை ஏறும் என்று நெஞ்சு சொன்னால் நெஞ்சுக்கு அதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே இருந்ததில்லை.

உங்கள் முடிவுக்கு இதைப் பொருத்துங்கள். இதே மாதிரி முடிவை எத்தனை முறை எடுத்திருக்கிறேன்? விளைவு எவ்வளவு சீக்கிரம் தெரிந்தது? திருமணம், ஊர் மாற்றம், முதல் வீடு ஆகியவற்றில் ஒருவருக்கு அனுபவம் பூஜ்யம் அல்லது ஒன்று. அங்கே மனசின் மறுப்பை விசாரணை தொடங்குவதற்கான காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம். விதிவிலக்கு உடல் பாதுகாப்பு: இருட்டுச் சந்திலோ தனி அறையிலோ ஒருவரைப் பார்த்து ஈரக்குலை நடுங்கினால் உடனே கிளம்பிவிடுங்கள். தவறாக இருந்தால் நஷ்டம் ஒரு சங்கடம் மட்டுமே.

இரண்டும் ஒரே எடையாகத் தெரியும்போது காசு சுண்டுவார்கள். சுண்டுங்கள், ஆனால் விழுந்த பக்கத்துக்குக் கட்டுப்பட அவசியமில்லை. காசு தெரிந்த முதல் இரண்டு வினாடியில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று பாருங்கள். "மூன்று தடவை சுண்டுவோம்" என்று தோன்றினால் அதுவே பதில். இதில் ஒரு பொறி இருக்கிறது. முடிவெடுக்கும் அவஸ்தை தீர்ந்ததே என்ற நிம்மதியும் அதே போலத்தான் இருக்கும், குறிப்பாகத் தட்டிக்கழிக்கும் பக்கம் விழுந்தால். அதனால் பெரிய விஷயத்துக்குக் காசு வேண்டாம், முடிவை ஒரு நாள் உடுத்திப் பாருங்கள். திங்கள் முழுக்க "போகிறேன்" என்று முடிவாகிவிட்டதாகவே நடந்துகொள்ளுங்கள், யாரிடமும் சொல்லாமல். காலை, மதியம், இரவு மூன்று முறை மதிப்பெண். புதன் முழுக்க "போகவில்லை." நடுவில் ஒரு நாள் சும்மா. ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று அளவு கிடைக்கும். தட்டிக்கழித்த நிம்மதி காலையில் பெரிதாக இருந்து இரவுக்குள் வடிந்துவிடுவது வழக்கம்.

குறிப்பேடு

இது இல்லாமல் மேலே சொன்ன அனைத்தும் காற்றோடு போகும், ஏனென்றால் "எனக்கு அப்போதே தோன்றியது" என்று பின்னாடி நினைவு பொய் சொல்லும். ஒரு முடிவுக்கு ஒரு வரி: நாள், நேரம், கேள்வி, உடம்பில் இடம், மூச்சுக்கு முன் மதிப்பெண், பின் மதிப்பெண், உணர்ச்சியின் பெயர், சந்தேக மூலம், எடுத்த முடிவு, விளைவைப் பார்க்கும் தேதி. விளைவுக்கு ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும்.

முப்பது வரி சேர்ந்ததும் எண்ணுங்கள். உதாரணமாக, வயிற்று இறுக்கம் 6-க்கு மேல் இருந்த 9 முடிவுகளில் 7 மோசமாகப் போயிருந்தால் வயிறு பெரிய ஞானி என்று தோன்றும். இறுக்கமே இல்லாத 21 முடிவுகளில் 14 மோசமாகப் போயிருந்தால்? முதலாவது 78 சதவீதம், இரண்டாவது 67 சதவீதம். வயிறு சொன்னது மிகக் கொஞ்சம்தான். இரண்டு பக்கத்தையும் எண்ணாதவர்கள் எல்லாரும் இங்கே ஏமாறுகிறார்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. உடம்பு வேண்டாமென்று சொல்லி நீங்கள் விட்டுவிட்டவற்றின் விளைவு உங்களுக்குத் தெரியவே வராது. அதனால் எச்சரிக்கை எப்போதும் சரியாக இருந்தது போலவே தோன்றும். சின்ன, திரும்பப் பெறக்கூடிய முடிவுகளில் ஐந்தில் ஒரு முறை குறிப்புக்கு எதிராகப் போய்ப் பாருங்கள்: பேசத் தயங்கும் கூட்டத்தில் பேசுவது, பிடிக்காது என்று தோன்றிய பாதையில் நடப்பது. அப்போதுதான் கணக்கு நேராகும்.

கைமீறும் இடங்கள்

அடிக்கடி பதறும் இயல்புள்ளவர்களுக்குத் துடிப்பு எண்ணும் பயிற்சி கெடுதல் செய்யலாம். துடிப்பைக் கவனிக்க, கவனிப்பே துடிப்பைக் கூட்ட, அது பீதியில் முடியும். அப்படியானால் இதயத்தை விட்டுவிட்டுப் பாதம் தரையைத் தொடும் இடம், உள்ளங்கைச் சூடு என்று ஓரங்களைக் கவனியுங்கள். பீதி நோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். அவர்களுடைய உடம்பின் எச்சரிக்கை மணி காரணமில்லாமலும் அடிக்கும். அதை வைத்து முடிவெடுத்தால் உலகம் சுருங்கிக்கொண்டே போகும்.

இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயம் மௌனமாக இருக்கும். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாடை, வயிறு, தூக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். சிலருக்கு இயல்பாகவே உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது கடினம்: ஏதோ நடக்கிறது என்று தெரியும், பயமா கோபமா என்று தெரியாது. இவர்கள் மூன்றாம் படியில் மாட்டிக்கொள்ளாமல் செயலைக் கேட்கலாம். "இப்போது உடம்பு ஓடவா பார்க்கிறது, அடிக்கவா, படுக்கவா, அணைக்கவா?" ஓட என்றால் அச்சத்தின் பக்கம், அடிக்க என்றால் வெகுளியின் பக்கம்.

நெஞ்சில் அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு முட்டினால், அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். குறிப்பேட்டை மூடிவிட்டு அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள்.